இலட்ச ரூபாக் கார்: ஒரு விமர்சன நோக்கு

2018ஆம் ஆண்டு யூன் மாதத்தில் டாட்டா மோட்டார்ஸ் கொம்பனி உற்பத்தி செய்த நானோ கார்களின் தொகை ஒன்று. முந்திய ஆண்டின் அதே மாதத்தில் அது 275 ஆக இருந்தது. குஜராத் மாநிலத்தின் சானந்த் என்னுமிடத்தில் இக்காருக்கென்றே எழுப்பப்பட்ட தொழிற்சாலையோ ஆண்டொன்றுக்கு 2,50,000 கார்களை ஆக்கும் வல்லமையுடையது. 2019இன் தொடக்கத்திலிருந்து உற்பத்தி முற்றாக நின்றது. அவ்வாண்டு பெப்ரவரியில் ஒரேயொரு கார் விற்பனையாயிற்று. 2020 ஏப்பிரல் முதலாந் திகதி புகை வெளியேற்றம் பற்றிய புதிய விதிகள் இந்தியாவில் நடைமுறைக்கு வந்தபோது, அவற்றுக்கேற்ப இயந்திரத்தைத் திருத்தியமைக்கும் செலவை ஏற்கக் கொம்பனி முன்வரவில்லை. அக்காரின் இடத்தை நிரப்ப வேறொன்றையும் அது கொண்டுவரவில்லை.

இத்தகையதொரு பொருளைப் பற்றித் தமிழ்ச் சங்க வெளியீடொன்றில் எழுதுவது பொருந்துமா என்னும் வினா எழலாம். கவிதையும் நாவலும் நாடகமுமே விமர்சனத்துக்குரியன என்ற கருத்து நம்மிடையே வலுப்பெற்றுள்ளது. ஆயின், ஓர் இலக்கியப் படைப்பை நோக்கி நாம் கேட்கும் முதற் கேள்விகள், இது யாரை நோக்கிப் பேசுகின்றது, அவரைப் பற்றி என்ன எண்ணிக்கொண்டு பேசுகின்றது என்பனவாகும். பெருந்தொகையாகச் செய்து விற்கப்படும் பொருள்களை நோக்கியும் இவற்றைக் கேட்கலாம். நானோவைப் பொறுத்தமட்டில் கேட்டேயாக வேண்டும். ஏனெனில், அது வெறும் காராக ஒருபோதும் அறிமுகஞ் செய்யப்படவில்லை. 'மக்கள் கார்', 'ஏழையின் கார்', 'உலகிலேயே மலிவான கார்' என்னும் தொடர்களே அதற்கு முன்னால் நடந்து வந்தன.

இக்காரின் தோற்றம் பற்றி ரத்தன் டாட்டா பன்முறை கூறிய செய்தி யாவரும் அறிந்ததே. மழையில் நனைந்தபடி ஒரே ஸ்கூட்டரில் செல்லும் ஒரு குடும்பம்: முன்னே நிற்கும் பிள்ளை, ஓட்டிச் செல்லும் தகப்பன், பின்னே கைக்குழந்தையுடன் தாய். இக்குடும்பத்துக்குப் பாதுகாப்பான ஓர் ஊர்தி வேண்டும் என்பதே தொடக்க எண்ணமாக இருந்தது. இந்த எண்ணத்தில் குறைகாண எதுவுமில்லை. ஆனால், பொறியியலாளர்கள் தம் வேலையைப் பெருமளவு தொடங்கு முன்னரே, 2003ஆம் ஆண்டளவில், ஜெனீவா மோட்டார்க் கண்காட்சியின்போது ரத்தன் டாட்டா உத்தேசமாகக் கூறிய ஒரு தொகையை வெளிநாட்டுப் பத்திரிகையொன்று 'இலட்ச ரூபாக் கார்' எனத் தலைப்பாக்கியது. அத்தொகையை மறுப்பதற்குப் பதிலாக அதையே இலக்காகக் கொள்வதென அவர் முடிவு செய்தார். கார் பிறப்பதற்கு முன் அதன் விலை பிறந்துவிட்டது. மழையில் நனைந்த குடும்பம் சிறிது சிறிதாகப் பின்னுக்குப் போய், தொகை முன்னுக்கு வந்த வரலாறே நானோவின் வரலாறு என்பது என் கருத்து.

2008 ஜனவரி 10ஆந் திகதி புதுடில்லிக் கண்காட்சியில் மேடையேறிய அக்காரை ஆக்கப்பொருள் என்ற வகையில் நோக்குமிடத்து, அது பாராட்டுக்குரியது என்பதைத் தயக்கமின்றிக் கூறலாம். கிரிஷ் வாக் என்பாரின் தலைமையில் பணியாற்றிய பொறியியலாளர்கள், 3.1 மீற்றர் நீளத்துக்குள் நாலு கதவுகளையும் வளர்ந்தோர் நால்வருக்கான இடத்தையும் அடக்கினர். 624 கன சென்ரிமீற்றர் கொள்ளளவுடைய, இரண்டு சிலிண்டர் கொண்ட சிறு இயந்திரத்தைப் பின்னிருக்கையின் கீழே வைத்ததனால் முன்பக்கத்தில் இயந்திரத்துக்கென இடம் ஒதுக்க வேண்டிய தேவை நீங்கிற்று. சில்லுகள் நான்கும் உடலின் நான்கு மூலைகளுக்கும் தள்ளப்பட்டன. கூரை உயர்த்தப்பட்டது. முழுக்காரின் நிறை ஏறத்தாழ 600 கிலோகிராம். வெளியே சிறிதாகவும் உள்ளே பெரிதாகவும் இருந்த அக்காரை முதலிற் கண்டவர்கள் வியந்தமை இயல்பே.

எனினும், செலவைக் குறைத்த முறைகளை ஒருசேரப் பாராட்டுவது தவறாகும். அவற்றுள் இருவகை உண்டு. சில்லொன்றை நாலு நட்டுகளாற் பூட்டாமல் மூன்றினாற் பூட்டியது ஒருவகை. நிறை குறைந்த காருக்கு மூன்றே போதும். பிரான்ஸ் நாட்டின் சித்ரோவன் 2சீவி காரிலும் சில்லுக்கு மூன்று நட்டுகளே இருந்தன. முன் கண்ணாடிக்கு ஒரே வைப்பர் பொருத்தியதும் அத்தகையதே. 1982இல் வெளிவந்த மேர்சிடஸ் 190 காருக்கும் ஒரு வைப்பர்தான். அதை வறுமையின் அடையாளமென ஒருவரும் கூறினாரில்லை. இவை சிந்தனையால் விளைந்த சிக்கனங்கள். பயன்படுத்துவோன் இவற்றால் எதையும் இழக்கவில்லை.

மற்றொரு வகையும் உண்டு. நானோவின் பின்பக்கத்தைப் பார்ப்பவருக்கு அங்கே ஒரு கதவு இருப்பதுபோலத் தோன்றும், அது திறவாது. சிறு பொதியொன்றை வைப்பதற்கும் பின்னிருக்கையின் முதுகை மடித்து உள்ளேயிருந்து கைநீட்ட வேண்டும். அடிப்படை மாதிரியில் ஓட்டுநர் பக்கத்தில் மட்டுமே பக்கக் கண்ணாடி இருந்தது. பெற்றோல் தாங்கி 15 லீற்றரையே கொண்டது. பெற்றோல் ஊற்ற வேண்டுமாயின் முன் பொனற்றைத் திறக்க வேண்டும். இவற்றைச் சிக்கனம் என்று கூறுவதிலும் பறிப்பு என்று கூறுவதே பொருத்தம். சந்தைக்குச் செல்பவன், மூட்டையோடு ஊருக்குப் போகும் குடும்பம், சிறுகடை வைத்திருப்பவன் ஆகிய எவரையும் மனத்திற் கொண்ட ஒருவர் திறவாத பின்கதவை வரைந்திருக்க மாட்டார். தொகையை மனத்திற் கொண்டவருக்கு அது எளிதில் வரும். 2015இல் வந்த திருத்திய மாதிரியிற் பின்கதவு திறந்தது. தாங்கி 24 லீற்றராயிற்று. விலையோ ஏறத்தாழ இரண்டு இலட்சத்திற் தொடங்கியது. பறித்தவற்றைத் திருப்பிக் கொடுத்த வேளையில் வாங்குவோர் கலைந்து போயிருந்தனர்.

இங்கு 2சீவியோடு ஓர் ஒப்பீடு பயன்தரும். பின்னர் சித்ரோவன் கொம்பனியின் தலைவரான பியேர் பூலான்ஜே 1930களின் நடுப்பகுதியில் தம் பொறியியலாளர்க்கு விடுத்த வேண்டுகோள் மோட்டார் வரலாற்றிற் புகழ்பெற்றது. மரக்காலணி அணிந்த விவசாயிகளும் ஐம்பது கிலோ உருளைக்கிழங்கும் ஏறவேண்டும். உழுத வயலின் குறுக்கே ஒரு கூடை முட்டையைக் கொண்டு சென்றால் ஒன்றும் உடையக் கூடாது என்றார் அவர். விலை குறைவாக இருக்க வேண்டும் என்பதும் அதில் அடங்கும். ஆனால், கூடையும் கிழங்கும் காலணியுமே முன்னிற்கின்றன. 1948இல் பாரிசிற் காட்டப்பட்ட அக்காரைப் பத்திரிகைகள் தகரப்பெட்டி என எள்ளின. அதன் கூரையோ பின்பக்கம் வரை சுருட்டக்கூடிய துணி. எவ்வளவு உயரமான பொருளையும் ஏற்றலாம். யுத்தத்துக்குப் பிந்திய பொருட்பஞ்சத்தில் அக்காருக்கு ஆண்டுக்கணக்கிற் காத்திருக்க வேண்டியிருந்த காலத்தில், தொழிலின் பொருட்டு ஊரூராகச் செல்லவேண்டிய கிராம வைத்தியர், மருத்துவிச்சி, பாதிரியார், சிறு விவசாயி முதலியோருக்கு முன்னுரிமை வழங்கப்பட்டது. 1990 யூலையிற் போர்த்துக்கலில் உற்பத்தி நின்றபோது 38 இலட்சத்துக்கு மேற்பட்ட கார்கள் வெளிவந்திருந்தன. அதற்கும் நேரடி வாரிசு இல்லை. ஆயின் நாற்பத்திரண்டு ஆண்டுகள் உழைத்துக் களைத்த ஒன்றுக்கும் பத்தாண்டில் ஓய்ந்த ஒன்றுக்கும் உள்ள வேறுபாட்டை மனங்கொள்ளல் வேண்டும்.

நானோவுக்கும் காத்திருப்போர் பட்டியல் இருந்தது. 2009 மார்ச் 23இல் மும்பாயில் விற்பனை அறிவிக்கப்பட்டு, ஏப்பிரலில் முன்பதிவு திறந்தபோது இரண்டு இலட்சத்துக்கு மேற்பட்டோர் பணங் கட்டினர். முதல் ஒரு இலட்சம் பேர் குலுக்கல் முறையில் தெரிவு செய்யப்பட்டனர். தேவையின் இடத்தில் அதிர்ஷ்டம் வந்தமர்ந்தது. முன்பதிவு செய்தோரில் ஐந்தில் ஒரு பங்கினரே அடிப்படை மாதிரியைக் கேட்டனர் என்பதும், ஏறத்தாழ அரைவாசிப் பேர் குளிர்சாதன வசதியுள்ள உயர்ந்த மாதிரியை விரும்பினர் என்பதும் போதிய கவனம் பெறாத செய்திகள். 'ஏழையின் கார்' என்று பேசப்பட்டதை வாங்க முன்வந்தோர் எவர் என்பதை அவை அன்றே தெளிவாகக் காட்டின.

இக்கட்டத்திற் சிங்கூரைப் பற்றிக் கூறாமற் செல்லவியலாது. நானோவுக்கான தொழிற்சாலை முதலில் மேற்கு வங்காளத்தின் ஹூக்ளி மாவட்டத்திலுள்ள சிங்கூரிலேயே அமைவதாயிருந்தது. புத்ததேவ் பட்டாச்சார்யா தலைமையிலான இடதுசாரி முன்னணி அரசாங்கம் இதற்காக 997 ஏக்கர் நிலத்தைச் சுவீகரித்தது. அதிற் பெரும்பகுதி ஆண்டுக்கு ஒன்றுக்கு மேற்பட்ட போகம் விளையும் வயல். ஏறத்தாழ 400 ஏக்கருக்கு உரியோர் நட்டஈட்டைப் பெற மறுத்தனர். 1978இல் பர்கா நடவடிக்கை மூலம் குத்தகை விவசாயிகளின் பெயர்களைப் பதிந்து அவர்களுக்கு உரிமை வழங்கிய அதே முன்னணி, 1894ஆம் ஆண்டில் வெள்ளையர் ஆக்கிய நிலச் சுவீகரிப்புச் சட்டத்தைக் கையிலெடுத்துத் தனியார் கொம்பனியொன்றுக்காக விவசாயியின் நிலத்தைப் பெற்றமை, இடதுசாரிச் சிந்தனையில் நம்பிக்கையுடையோர் இன்றும் நின்று நோக்க வேண்டிய முரண்பாடாகும். மம்தா பானர்ஜி 2006 டிசம்பரில் 25 நாள் உண்ணாவிரதமிருந்தார். 2008 ஒக்டோபர் 3ஆந் திகதி டாட்டா கொம்பனி சிங்கூரை விட்டு விலகுவதாக அறிவித்துச் சில நாட்களிற் சானந்திற் காலூன்றியது. 2011இல் இடதுசாரி முன்னணி 34 ஆண்டு கால ஆட்சியை இழந்தது. 2016 ஓகஸ்ட் 31இல் உச்ச நீதிமன்றம் அச்சுவீகரிப்புச் செல்லாதெனத் தீர்ப்பளித்து நிலத்தைத் திருப்பிக் கொடுக்கப் பணித்தது. 2023 ஒக்டோபரிலோ, கொம்பனிக்கு 765.78 கோடி ரூபா நட்டஈடு வழங்க வேண்டுமென நடுத்தீர்ப்பு மன்றம் மேற்கு வங்காளக் கைத்தொழில் அபிவிருத்திக் கூட்டுத்தாபனத்துக்குப் பணித்தது. கார் நின்று பல ஆண்டுகளாகியும் அதன் கணக்கு முடியவில்லை.

சிங்கூர்ப் போராட்டம் பற்றி இரு தரப்பினரும் ஏராளமாக எழுதினர். தொழில்மயமாதலா விவசாயமா என்பதே விவாதம். ஏழைக்கு ஊர்தி தர முனைந்தவர்கள் ஏழையின் வயலில் அதனைச் செய்யப் புறப்பட்டதேன் என்ற கேள்வியை அவர்களுட் சிலரே கேட்டனர். நமது இலக்கணம் இடத்தைத் தன்மை, முன்னிலை, படர்க்கை என மூன்றாக வகுக்கும். நானோ பற்றிய பேச்சனைத்திலும் ஏழை படர்க்கையிலேயே நின்றான். 'அவனுக்கு' ஒரு கார் வருகின்றது என்று பிறருக்குச் சொல்லப்பட்டது. வீதிகள் நெரிசலாகும், காற்று மாசடையும் எனச் சூழலியலாளர் சிலர் எச்சரித்தபோதும் அவன் படர்க்கைதான். அவ்வெச்சரிக்கையை ஏற்றுப் பேசியோரிற் பலர் ஏலவே காருடையவர்கள் என்பதையும் இங்குக் குறிப்பிடலாம்.

விற்பனை வீழ்ச்சிக்கு வருவோம். 2010இல் நானோக்கள் சில தீப்பற்றி எரிந்தன. அவ்வாண்டிறுதியிற் கொம்பனி மேலதிகப் பாதுகாப்புச் சாதனங்களை இலவசமாகப் பொருத்தித் தர முன்வந்தது. நவம்பரில் 509 கார்களே விற்றன. 2011-12 நிதியாண்டில் 74,000க்கு மேல் விற்று உச்சத்தைத் தொட்டதும் இறக்கம் நிரந்தரமாயிற்று. 2014 ஜனவரியில் வெளியான 'குளோபல் என்காப்' மோதற் சோதனையில் நானோவுக்கு ஒரு நட்சத்திரமேனுங் கிடைக்கவில்லை. இதிலொரு கொடுமையும் ஒரு நியாயமும் உள்ளன. ஸ்கூட்டரிற் செல்லும் குடும்பத்தின் உயிர்ப் பாதுகாப்புக்கெனப் பிறந்த கார் பாதுகாப்பிலேயே தோற்றது கொடுமை. ஆனால், அக்காரை வேறு கார்களோடு ஒப்பிட்டனரேயன்றி ஸ்கூட்டரோடு ஒப்பிட்டாரில்லை. தகப்பன், தாய், பிள்ளைகள் இருவர் ஏறிய ஸ்கூட்டரைச் சுவரில் மோதவிட்டு நட்சத்திரம் வழங்குவார் யாருமில்லை.

'மிக மலிவானது' என்ற பெயரே நானோவைக் கெடுத்தது என்பது பரவலான விளக்கம். அப்பெயரைப் பொதுமக்கள் மட்டுமன்றிக் கொம்பனியின் விற்பனைத் துறையினரும் வழங்கியது வருந்தத்தக்கது என 2013இல் ரத்தன் டாட்டாவும் கூறினார். வர்த்தக முகாமைத்துவ வகுப்புகளிலே இவ்விளக்கம் இன்று பாடமாகவே நிலைத்துவிட்டது. இதில் உண்மை இல்லாமலில்லை. வறுமையிலிருந்து ஒருபடி ஏறியதை ஊருக்குக் காட்ட வாங்கும் பொருளின் முகத்திலேயே வறுமையை எழுதி ஒட்டினால் அதை வாங்குவோர் அரியர். ஆயின் இவ்விளக்கத்தோடு நின்றுவிட்டால், வாங்காதவனின் வீண் பெருமையே பழிக்குரியதாகி, செய்தவன் தப்பிவிடுகிறான். நான் இதனை ஏற்கவில்லை.

வாங்காதவன் கணக்குப் போட்டான் என்பதே என் வாதம். ஒரு இலட்சம் என்பது தொழிற்சாலை வாசலின் விலை; டில்லிக் கடையில் அது ஒன்றே கால் இலட்சத்தை அணுகியிருந்தது. பதிவு, காப்புறுதி, கடன் வட்டி, பெற்றோல் ஆகியவற்றைச் சேர்த்தபின் ஸ்கூட்டரின் செலவோடு அதை ஒப்பிடுதல் கூடாது. மறுபுறத்தில், அதே பணத்துக்குப் பாவித்த மாருதி 800 கிடைத்தது. 1983 டிசம்பரில் வெளிவந்து 2014 ஜனவரியில் ஓய்ந்த அக்காரைத் திருத்தத் தெரியாத கராஜ் இந்தியாவில் இல்லை. அதன் பின்கதவு திறக்கும். எரிந்த கார்களின் படங்களைப் பத்திரிகையிற் கண்டவன், தன் வாழ்நாட் சேமிப்பை அதில் இடத் தயங்கினான் என்றால் அது பெருமையா, விவேகமா? ஏழை தன் பணத்தைச் செலவிடுமுன் செய்யும் விமர்சனம், நாம் ஏடுகளிற் செய்வதிலும் கடுமையானது.

கொம்பனிக்குள் நடந்தது பற்றியும் ஒரு சான்று உண்டு. டாட்டா குழுமத் தலைவர் பதவியிலிருந்து நீக்கப்பட்ட சைரஸ் மிஸ்திரி 2016 ஒக்டோபரில் எழுதிய கடிதம், நானோவினால் இடையறாது நட்டமேற்பட்டதெனவும், ஒரு கட்டத்தில் அது ஆயிரம் கோடி ரூபாவை எட்டியதெனவும், உணர்ச்சிக் காரணங்களால் அதை நிறுத்தும் முடிவு எடுக்கப்படவில்லை எனவும் கூறியது. பதவி நீக்கத்துக்குப் பின் எழுதப்பட்டதாகையால் அதனை எச்சரிக்கையோடு வாசிக்க வேண்டும். எனினும், நானோவை இறுதிவரை தாங்கியது வாங்கியோரின் அன்பன்று, செய்தவரின் அன்பே என்பது அதிலிருந்து பெறப்படுகிறது.

வாரிசின்மையே இவ்விடயத்தில் என்னை அதிகம் உறுத்துவது. ஒரு நாவல் தோற்றால் அதன் ஆசிரியர் அடுத்த நாவலைத் திருத்தி எழுதுவார். நானோ தோற்றதும் சானந்தில் தியாகோ போன்ற, விலையிலும் அளவிலும் ஒருபடி மேலான கார்கள் ஆக்கப்பட்டன. கொம்பனி தன் காரைத் திருத்தவில்லை. தன் வாசகனை மாற்றிக்கொண்டது. இத்தகைய வாங்குவோன் இல்லை என்ற முடிவு, பின்னர் பிற உற்பத்தியாளரிடையேயும் நிலைபெற்றது. 2018-19 நிதியாண்டில் இந்தியாவில் விற்ற இருசக்கர வண்டிகளின் தொகை இரண்டு கோடிக்கு மேல் என்பதை நினைவிற் கொண்டால், அக்குடும்பம் இன்னமும் மழையில்தான் போகின்றது என்பது விளங்கும். ஒரு விடை பிழைத்ததற்காக வினாவையே அழித்துவிட்டனர்.

நம் நாட்டுக்கு நானோ 2011இல் வந்தது. அக்காரின் முதல் ஏற்றுமதிச் சந்தைகளுள் இலங்கையும் ஒன்று. இறக்குமதி வரியுஞ் சேர்ந்தபின் இலட்ச ரூபா என்ற பேச்சுக்கே இங்கு இடமிருக்கவில்லை. ஏழையின் கார் என்ற புராணமும் துறைமுகத்தோடு நின்றது. வந்து சேர்ந்தது, சிறிய, பெற்றோல் குறைவாகக் குடிக்கும், ஒடுங்கிய ஒழுங்கையிலுந் திரும்பக்கூடிய ஒரு கார் மட்டுமே. கொழும்பில் அது வாடகைக் காராயிற்று. முச்சக்கர வண்டியில் மூவர் நெருங்கியிருந்து மழைச் சாரலில் நனைந்த இடத்தில், நால்வர் கதவைச் சாத்திக்கொண்டு மீற்றர்க் கட்டணத்திற் போகலாயினர். செல்பேசி வழியாக வாடகை வண்டி அழைக்கும் சேவையில் 'நானோ' என்பது ஒரு வகுப்பின் பெயராகவே வழங்கிற்று. ரத்தன் டாட்டா கண்ட குடும்பம் அக்காரிற் பின்னிருக்கைப் பயணியாக ஏறிய இடங்களுள் கொழும்பும் ஒன்று எனலாம். சொந்தமாக வாங்கி அல்ல, கூலி கொடுத்து.

2020 மார்ச்சில் இங்கு வாகன இறக்குமதி நிறுத்தப்பட்டது. தனியார் கார்களுக்கு அது 2025 பெப்ரவரி வரை நீடித்தது. அவ்வைந்து ஆண்டுகளிற் பழைய வாகனங்களின் விலை ஏறியதை யாவரும் அறிவர். உற்பத்தி நின்றுபோன, வாரிசற்ற ஒரு காரின் உதிரிப் பாகங்களைத் தேடித் திரிந்த வாடகைக் கார் ஓட்டுநர்களும் அக்காலத்தில் அதனையே ஓட்டினர்.